நான்சி அஸ்டருக்கு ஒன்பது பாகம். நேசம் சரவணமுத்துவுக்கு எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இணைப்பின் தொலைக்காட்சிப் பக்கத்தில், பி.பி.சி.யின் பழைய தொடரான ‘நான்சி அஸ்டர்’ பற்றி வந்த குறிப்பில் ஒரு திருத்தம் வேண்டும். குறிப்பு சொல்வதுபோலப் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண் நான்சி அல்லர். 1918 டிசெம்பர் பொதுத் தேர்தலில் டப்ளினில் வென்ற கொன்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச்தான் அவர். வெற்றி பெற்றபோது ஹொலோவே சிறையில் இருந்தார். அயர்லாந்து விடுதலை கோரிய ஷின் ஃபெயின் கட்சிக்காரர் என்பதால் லண்டன் சபைப் பக்கமே போகவில்லை. ஆசனத்தில் போய் அமர்ந்த முதற் பெண் என்பதே நான்சிக்குரிய பெருமை. அது 1919 டிசெம்பர் 1இல் நடந்தது.

திருத்தம் அவ்வளவுதான். ஆனால் அதே குறிப்பு, இப்படியொரு நாடகத்துக்கு நம்மிடம் கதை ஏது என்ற தொனியில் முடிந்திருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கதை வடகொழும்பில் இருக்கிறது: சட்டசபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் நேசம் சரவணமுத்துவின் கதை. எடுக்கத் துணிபவர்களுக்கு உதவும் என்று சில விபரங்களை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

அந்தத் தொடர் 1982இல் வந்தது, ஒன்பது பாகம். டெரெக் மார்லோ எழுத, நியூசிலாந்துக்காரரான லீசா ஹாரோ அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பிறந்த நான்சியாக நடித்தார். முதற் கணவராக வந்தவர் அன்றைக்கு அதிகம் பேர் அறியாத பியர்ஸ் பிரொஸ்னன். நமது ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே 1982 பெப்ரவரியில்தான். அந்த ஏப்ரலில் நாடாளுமன்றம் காலிமுகத்தை விட்டுக் கோட்டேக்குப் போனது. தொலைக்காட்சியும் வந்தாயிற்று, பழைய சபைக் கட்டடம் சரித்திரமும் ஆயிற்று. நாம்தான் அதன்பின் நாற்பது வருடத்துக்கு மேலாக டப்பிங் தொடர்களோடு காலம் தள்ளுகிறோம்.

இந்த வகைக் கதைக்கு அச்சாணி இடைத்தேர்தல். 1919 ஒக்ரோபரில் நான்சியின் மாமனார் இறக்க, பிரபுப் பட்டம் கணவர் வால்டோர்ஃப் அஸ்டருக்கு வந்தது. அன்று பட்டம் வந்தவர் பிரபுக்கள் சபைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. வெறுமையான பிளிமத் சட்டன் தொகுதியில் நான்சி நின்று 14,495 வாக்கு எடுத்தார், பெரும்பான்மை 5,203. சபைக்குள் போன இரண்டாவது பெண் மார்கரெட் வின்றிங்ஹம், 1921இல், கணவர் இறந்த இடத்துக்கு. மூன்றாமவர் மேபல் பிலிப்சன், 1923 மே மாதம். முன்னாள் மேடை நடிகை. தேர்தல் முகவர் செய்த குளறுபடியால் கணவரின் வெற்றி, அதை எதிர்த்த தேர்தல் மனு வழக்கில் ரத்தாக, மனைவி நின்று வென்றார்.

இப்போது இங்கே வருவோம். 1931 நவம்பரில் ருவன்வெல்லைத் தொகுதியில் தந்தை மீதெனிய இறந்த இடத்துக்கு அட்லின் மொலமுரே தெரிவானார். இலங்கைச் சட்டசபைக்குள் போன முதற் பெண். அடுத்த ஆண்டு மே மாதம் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து. அவரது கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1931 பொதுத் தேர்தலில் வென்று, தேர்தல் மனுவில் ஆசனத்தை இழந்தவர். மேபல் பிலிப்சனுக்கு நடந்தது ஒன்பது வருடம் கழித்து இவருக்கும் நடந்தது. சட்டசபை கண்ட முதல் தமிழ்ப் பெண் நேசம்தான். கொழும்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? பி. சரா ஓவல் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பாக்கியசோதி என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. அவருடைய அண்ணி நேசத்தைப் பற்றிக் கேட்டால் தெரியாது.

திரைக்கதை எழுதுபவர் முதலில் விழும் குழி பிறப்பிலிருந்து தொடங்குவது. பி.பி.சி. தொடர் வேர்ஜினியாவையும் முதற் திருமணத்தையும் தாண்டித்தான் வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருகிறது. ஒன்பது பாகம் கையில் இருந்தால் அது கட்டுப்படியாகும். இங்கே ஒரு தமிழ் அலைவரிசை தாங்கக்கூடியது ஆறு பாகம், பாகத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று வைத்தால் 270 பக்கம். நாளுக்கு ஐந்து பக்கம் எடுத்தால் 54 படப்பிடிப்பு நாள், கூட்டக் காட்சிகள் புறம்பு. அதனால் முதற் காட்சியே மனுத் தீர்ப்பு நாளாக இருக்க வேண்டும். கணவர் வீட்டுக்கு வருகிறார், ஆசனம் இல்லை. அன்றிரவே வாசலில் ஆதரவாளர்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் சீதனம் கணவரின் தொண்டர் படையும் கணவரின் எதிரிகளும். அவர் பிள்ளையாக இருந்த கதையெல்லாம் பிறகு இரண்டு வசனத்தில் வரலாம்.

இரண்டாவது குழி பெரியது: வெஸ்ட்மின்ஸ்டரை அப்படியே இறக்குமதி செய்வது. இரு பக்க வாங்குகள், நடுவே கோடு, ஆளுங்கட்சிக் கூச்சல், எதிர்க்கட்சிக் கூச்சல் என்று எடுத்தால் முழுப் பிழை. 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் யாப்பின் அரசாங்க சபையில், அதாவது அன்றைய சட்டசபையில், கட்சி ஆட்சி கிடையாது. தெரிவானவர்கள் 50, நியமனம் 8, அரச அதிகாரிகள் 3, ஆக 61 பேர். தெரிவான உறுப்பினர் எல்லோரும் ஏழு நிர்வாகக் குழுக்களில் ஏதாவதொன்றில் சேர்க்கப்பட்டார்கள். குழுத் தலைவரே அமைச்சர். கல்விக்கு கன்னங்கரா, விவசாயத்துக்கு டி. எஸ். சேனாநாயக்க, தொழிலுக்கு மலையகத்தின் பெரி சுந்தரம். ஆகவே புதிதாக வந்த பெண் உறுப்பினர் பின்வாங்கில் மௌனமாக உட்கார வேண்டியதில்லை. முதல் மாதமே குழு அறையில் அமைச்சருக்கு முன்னால் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடலாம். நாடகத்தின் சூடான இடம் அந்தச் சிறிய அறை, பெரிய மண்டபம் அல்ல. செட் செலவும் குறையும்.

பெரிய மண்டபத்துக்கென்று ஒரு காட்சி இருக்கிறது, அதை விடக்கூடாது. அட்லின் மொலமுரே உறுப்பினராக வந்தபோது சபாநாயகராக இருந்தவர் அவரது கணவர் பிரான்சிஸ் மொலமுரே. காலையில் ஒரே வீட்டில் தேநீர் குடித்தவர்கள், சபையில் மனைவி பேச எழும்ப கணவர் அனுமதி தர வேண்டும். லண்டனில் நான்சிக்கு வாய்த்தது வேறு காட்சி: ஒரு பக்கம் பிரதமர் லோயிட் ஜோர்ஜ், மறு பக்கம் முன்னாள் பிரதமர் பெல்ஃபர், நடுவே கறுப்பு உடையும் கறுப்புத் தொப்பியுமாக அவர். இடைத்தேர்தலில் வந்தவரை இரண்டு உறுப்பினர் அழைத்து வந்து, வணங்கி நடந்து, மேசையில் சத்தியம் செய்வித்து, ஏட்டில் கையெழுத்து வாங்கி, சபாநாயகரிடம் கைகுலுக்கவிடுவது அங்கத்தைய மரபு. நம் சபையில் அந்த நாளில் என்ன ஒழுங்கு நடந்தது என்பதை சபை நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டைப் பார்த்தே எழுத வேண்டும். லண்டன் மரபைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டக்கூடாது.

வாக்களிப்புக் காட்சியில்தான் தொண்ணூறு வீதமானோர் சறுக்குவார்கள் என்று பந்தயம் கட்டலாம். யானையும் கையும் குடையும் கொண்ட சுவரொட்டி ஒட்டிவிடுவார்கள். சின்னங்கள் வந்தது 1947 தேர்தலுக்கு. 1931இலும் 1936இலும் வேட்பாளருக்கு நிறம். மறைப்புக்குள்ளே ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவரது நிறத்தில் தனித்தனிப் பெட்டி. வாக்காளர் சீட்டை விரும்பிய நிறப் பெட்டிக்குள் போட வேண்டும். எழுத்து வாசனை இல்லாதவருக்காகச் செய்த ஏற்பாடு. திரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! தெருவெங்கும் நிறக் கொடி, நிறத் தோரணம். முறையில் ஓர் ஓட்டையும் உண்டு: உள்ளே போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், வெளியே காத்திருப்பவரிடம் விற்றும் விடலாம். மறைப்புக்குள் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. கதாசிரியர் கையில் இதைக் கொடுத்தால் ஒரு பாகம் தானாக எழுதப்படும். யாருக்கு எந்த நிறம் என்பதை மட்டும் அந்தக் காலத்துப் பிரசார விளம்பரங்களில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் நிற்கும் பெண்களின் வயதும் முக்கியம். நான்சிக்கு வாக்களித்த பெண்கள் முப்பது கடந்தவர்கள். அதிலும் சொத்து நிபந்தனை உண்டு. பிரித்தானியப் பெண்களுக்கு 21 வயதில் சம உரிமை 1928இல்தான் வந்தது. இலங்கையில் டொனமூர் ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது என்று சிபாரிசு செய்தது, கடைசியில் 21 ஆகக் குறைந்தது. ஆகவே கொட்டாஞ்சேனை வரிசையில் துறைமுகத் தொழிலாளியின் இளம் மனைவி இடுப்பில் பிள்ளையோடு நிற்கலாம். பிளிமத் வரிசையில் அப்படியொருத்தி நிற்க முடியாது. நாம் லண்டனைவிடப் பின்தங்கி நின்றோம் என்ற எண்ணத்தோடு வசனம் எழுத வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகக் காட்ட வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். பெண்களுக்கு வாக்கு என்பதைக் கடுமையான சொற்களால் எதிர்த்தார். பெண் பிள்ளைகளுக்கென்று 1913இல் கல்லூரி நிறுவியவரும் அவரே. 1930 நவம்பரில் காலமானதால் நேசத்தின் வெற்றியை அவர் காணவில்லை. ஆனால் கொச்சிக்கடையில் அவர் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. அதன் வாசலில் ஒரு பெண் வேட்பாளர் வாக்குக் கேட்பதாக ஒரு ஷொட் வைத்தால் வசனமே தேவையில்லை. டொனமூர் திட்டம் முந்திய சட்டநிரூபண சபையில் 1929 டிசெம்பரில் 19க்கு 17 என்று இரண்டு வாக்கில் தப்பியதும் கதைக்குள் வர வேண்டும். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து, நாங்கள் புறக்கணித்த சபைக்கா நீ போகிறாய் என்று கேட்பதற்கு இடம் இருக்கிறது; அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை.

துணைப் பாத்திரங்களுக்குப் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வா இருக்கிறார். ஆணைக்குழுவின் முன், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா வாக்குக் கேட்கிறீர்கள் என்று வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் உடனே பதில் சொன்னவர். டாக்டர் மேரி இரத்தினமும் இருக்கிறார்: கனடாவில் பிறந்து தமிழரை மணந்து, 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண். அவரது ஆசனமும் பின்னர் பறிபோனது. தொழிற்சங்க மேடைகளில் பாடிய மீனாட்சி அம்மாள் நடேசய்யரை இந்தத் தொடருக்குள் திணிக்க வேண்டாம். அவருக்குத் தனித் தொடரே தகும்.

இனித் தொழில் விடயம். பழைய நாடாளுமன்றக் கட்டடம் 1930 ஜனவரியில் திறக்கப்பட்டது, இப்போது ஜனாதிபதி செயலகம். உள்ளே படமெடுக்க அனுமதி கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். வெளியே எடுத்தாலும் கடற்பக்கம் கமராவைத் திருப்ப முடியாது. அன்று அலையடித்த இடத்தில் இன்று துறைமுக நகரம். தூண்களைக் கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் தப்பலாம். நகர மண்டபம் 1928இல் திறந்தது, அதை முழுதாகவே காட்டலாம்.

சபை மண்டபத்தைச் செட் போட்டால் மூன்று சுவர் போதும். 61 ஆசனத்துக்கு முப்பது துணை நடிகரை இடம் மாற்றி உட்கார வைத்துச் சமாளிக்கலாம். செலவை மிச்சப்படுத்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, எடிட்டிங்கில் கண்ணாடி போலத் திருப்பிப் போடும் வழக்கம் உண்டு. இங்கே அது செல்லாது. சேலைத் தலைப்பு இடது தோளில் விழுவது. திருப்பினால் வலது தோளுக்குப் போய்விடும். அட்லினின் கண்டிய ஓசரியிலும் அதே கதைதான். பார்வையாளர் மாடத்தில் சேலை கட்டிய ஒரேயொரு பெண் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். மறு பக்கத்தை மீண்டும் எடுப்பதைத் தவிர வழியில்லை. இன்றைய நாடாளுமன்றச் செங்கோலைப் பார்த்து ஒன்று செய்து மேசையில் வைக்கவும் கூடாது. அது 1949 ஜனவரியில் பிரித்தானியப் பொதுமக்கள் சபை தந்த அன்பளிப்பு.

உடுப்பில் இரண்டு எதிரி: பொலியெஸ்டரும் வெள்ளையும். 1932இல் பெரும்பாலும் பருத்தியும் பட்டும்தான். நைலோனே 1930களின் கடைசியில்தான் கடைக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, வேட்டி, கோட்டுக்குள் தெரியும் கொலர் எல்லாம் கமராவில் பளீரென்று எரியும். தேயிலைச் சாயம் போட்டால் தீரும். முதலில் துணியைக் கழுவிக் கஞ்சியை முழுதாக எடுக்க வேண்டும். பத்து லீற்றர் கொதிநீருக்கு 100 கிராம் மலிவுத் தேயிலைத் தூளை இறுக்கமான துணியில் முடிந்து போட்டு, பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டு, ஒரு கை உப்புச் சேர்த்து, நனைத்த துணியை உள்ளே விட்டு கால் மணி நேரம் விடாமல் புரட்ட வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். ஈரத்தில் கறுத்துத் தெரியும், காய்ந்தால் வெளிறும். அவசரப்பட்டு இடையில் எடுத்துவிடக்கூடாது. உலர்ந்த துணியை நேரே போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். முடிச்சு அவிழ்ந்தால் புள்ளி விழும், அது போகாது. இதில் ஓர் இலவச சோதனையும் உண்டு: சுத்தமான பருத்தி என்று கடைக்காரர் சத்தியம் செய்த துணி சாயத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே வந்தால் அதில் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது. அதைப் பின்வரிசைக்கும் கொடுக்காதீர்கள்.

மெல்லிய கோடுபோட்ட கோட்டுத் துணி கமராவில் அலையலையாக நெளியும்; பரீட்சைப் படம் எடுத்துப் பார்க்காமல் தையலுக்குக் கொடுக்க வேண்டாம். பழைய விளக்குக் கூட்டுக்குள் மலிவு எல்.ஈ.டி. குமிழ் போட்டால் மினுங்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் பாதுகாப்பு. ஆனாலும் பழைய இழைக் குமிழின் மஞ்சள் வெளிச்சம் எல்.ஈ.டி.யில் வராது.

வீதிக் காட்சியில் நமக்குப் பழக்கமான உருண்டை மொரிஸ் மைனர் ஓடக்கூடாது, அது 1948இல் பிறந்த கார். ஒஸ்டின் செவன் ஓடலாம், ஆனால் வாடகைக்கு வருபவற்றின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ரீ வந்தது 1950களில். அதை எதிர்த்து நடந்தவற்றைத் தமிழருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சிங்கக் கொடி வேண்டாம், யூனியன் ஜாக். சுவரில் ஐந்தாம் ஜோர்ஜ். ட்ராம் வண்டி இருந்தது, கை றிக்‌ஷா இருந்தது. ட்ராமைக் காட்டப் பணமில்லாவிட்டால் மணியோசை மட்டும் போதும்.

ஆதாரம் தேடுவோருக்கு: கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைத் திகதி சொல்லிக் கேட்டு வாசிக்கலாம். வீரகேசரி 1930 ஓகஸ்டில் தொடங்கியது. தினகரன் 1932 மார்ச்சில் தொடங்கி இரண்டரை மாதத்தில் இந்த இடைத்தேர்தல் வந்தது. ஆகவே தமிழில் எப்படிப் பேசினார்கள், எப்படித் திட்டினார்கள் என்பதற்குக் கைநிறைய மாதிரி கிடைக்கும். சபை நடவடிக்கை ஆங்கிலத்தில் நடந்தது. தொகுதிப் பேச்சுத் தமிழிலும் சிங்களத்திலும். சபைக் காட்சியை ஆங்கிலத்திலேயே எடுத்துத் தமிழ் எழுத்து ஓடவிடுவதே நல்லது. தமிழில் எடுத்தால் இன்றைய மேடைத் தமிழ் வந்து உட்கார்ந்துவிடும்.

கதாநாயகியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். நான்சியைப் பற்றி எடுப்பவர் 1923இல் அவர் கொண்டுவந்த, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுக்கும் சட்டத்தை மட்டும் காட்டிவிட்டு, கத்தோலிக்கர் மீதும் யூதர் மீதும் அவருக்கிருந்த வெறுப்பை மறைத்தால் அது விளம்பரப் படம். நமது பெண்களும் வசதியான குடும்பத்துப் பெண்கள். சமையலறையில் நின்றவர்கள் யார், பிரசாரத்துக்குப் போன நாளில் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் யார் என்பதும் திரையில் தெரிய வேண்டும்.

தொடரை எங்கே நிறுத்துவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1932 வெற்றி மாலையோடு நிறுத்தினால், கணவர் இழந்ததை மனைவி மீட்டுக் கொடுத்தார் என்ற கதையாகிவிடும். நேசம் 1936 பொதுத் தேர்தலில் மறுபடியும் நின்று வென்றார், 1941இல் இறக்கும்வரை உறுப்பினராக இருந்தார். கணவர் 1937இல் கொழும்பின் முதல் மாநகர முதல்வரானார். ஆறாம் பாகம் 1936இன் நிறப் பெட்டிகளோடு முடியட்டும். அந்த முறை யாருடைய வெற்றிடத்தையும் நிரப்ப அவர் நிற்கவில்லை.

இப்படிக்கு,
பழைய சட்டசபை ஏடுகளின் வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு